அக்கரை மொழியில் அத்தான்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சின்னவளை ஹெட்ஃபோனும் கையுமாக நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், அதற்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனாள், படுத்தாள், புரண்டாள், விடிந்ததும் மறுபடி அதே நாற்காலிக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். தூங்கினாளா என்று மட்டும் கேட்காதீர்கள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சின்னவள் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். ஊரைப் பொறுத்தவரை அவள் தர நிர்ணய அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டு மின்சாதனங்களோடு வரும் விளக்கப் புத்தகங்களை மொழிபெயர்க்கிறாள் என்று கூடப்பிறந்த அக்காவே நம்புகிறாள். சொந்தக்காரர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் மக்கர் செய்தால் முதல் ஃபோன் இவளுக்குத்தான். இவளும், "பிளக்கைப் பிடுங்கிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டுப் பாருங்க" என்று சமாளிப்பாள். பாதி தடவை அது வேலையும் செய்துவிடும்.

உண்மையில் அவள் இருப்பது நாட்டின் வெளிநாட்டு உளவுத்துறையில். துப்பாக்கி, கறுப்புக் கண்ணாடி என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பழைய தபால் கிடங்குத் தெருவில் பெயர்ப்பலகை இல்லாத ஒரு கட்டடம். ஓர் அறையில் அயல்நாட்டுத் தொலைபேசிப் பேச்சுகளை ஒட்டுக் கேட்பார்கள். இன்னோர் அறையில் அயல்நாட்டுப் பத்திரிகைகளை வரி விடாமல் படிப்பார்கள். வேறோர் அறையில் இரண்டையும் ஒட்டிப் பார்த்து, மேலிடத்துக்குச் சுருக்கமாக எழுதி அனுப்புவார்கள். ஆட்களைக் கடல் கடந்து அனுப்பும் பிரிவு மாடியில். அங்கே என்ன நடக்கிறது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியாது. கேட்பதே தப்பு.

சின்னவள் இருப்பது கேட்கும் அறையில். கடலுக்கு அந்தப் பக்கத்து நாட்டு மொழி அவளுக்கு அத்துபடி. வீட்டில் அதற்கு அக்கரை மொழி என்று பெயர்.

நேற்று அவள் காதில் விழுந்தது அக்கரைத் துறைமுக அதிகாரி ஒருவரின் தொலைபேசிப் பேச்சு. எதிர்முனையில் ஓர் ஆண். "சாமான் தயார். நானே கொண்டுவருகிறேன். வியாழக்கிழமை." விஷயம் அவ்வளவுதான். நடுவில் அந்த ஆள் மேல் சூடாக ஏதோ கொட்டியிருக்க வேண்டும். "அடச்சீ!" என்று கத்தினான்.

சுத்தமான தமிழில்.

கணினி அந்த இடத்தில் 'புரியாத ஒலி' என்று போட்டிருந்தது. சின்னவளுக்கா புரியாது? அந்த 'அடச்சீ'யை எத்தனை வருஷமாகச் சாப்பாட்டு மேசையில் கேட்கிறாள்! அதை அடுத்து ஒரு சிரிப்பு. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சிரிக்கும் அந்த விநோதச் சிரிப்புக்கு அவளுக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒரு சொந்தக்காரர்தான். அக்காவின் கணவர். அத்தான்.

அதுகூடப் போகட்டும். அத்தானுக்கு அக்கரை மொழியில் ஒரு சொல் தெரியாதே! அவள் விழுந்து விழுந்து படித்த நாளில், "தொண்டையில முள்ளு மாட்டினவன் கத்துற மாதிரி இருக்கு, இதுக்கு ஒரு பரீட்சை வேறயா?" என்று கேலி செய்தே ஓட்டியவர் அவர். அந்த மனிதர் பதிவில் இவளைவிட நன்றாகப் பேசினார். இவளுக்கு இன்றைக்கும் தடுமாறும் மரியாதைச் சொற்களெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தன.

இது நேற்றைய கதை. இன்று புதன்கிழமை.

* * *

"துறைமுகப் பேச்சு முடிஞ்சுதா?"

பின்னால் குரல் கேட்டுச் சின்னவள் துள்ளி விழாத குறை. நின்றது பிரிவுத் தலைவி. அலுவலகம் அவருக்கு வைத்திருக்கும் பெயர் முற்றுப்புள்ளி. அவர் ஒரு வாக்கியம் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"ஒரு இடம் சரியா கேக்கலை மேடம். இன்னொரு தடவை கேட்டுட்டுத் தர்றேன்."

"சாயங்காலத்துக்குள்ள."

"சரி மேடம். மதியம் கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வரணும்."

முற்றுப்புள்ளி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார்.

சின்னவள் சொன்னது பொய். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மண்டையில் ஏற்றிய விதி இது: கேட்கும் பேச்சில் சொந்தக்காரர் குரல் வந்தால், அந்த நிமிஷமே ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் தலைவியிடம் போய்ச் சொல்ல வேண்டும். மறுபடி கேட்கக்கூட உரிமை கிடையாது. அவளோ விடிந்ததிலிருந்து அந்த 'அடச்சீ'யைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை கேட்டால் அத்தான். அடுத்த தடவை கேட்டால் யாரோ. அதற்கடுத்த தடவை கேட்டால் எல்லா ஆண்களும் அப்படித்தான் சிரிக்கிறார்களோ என்று தோன்றியது.

நேரில் ஒரு முறை கேட்டுவிட்டால் தெளிந்துவிடும் என்று நினைத்தாள். அத்தான் இன்று சாயங்கால விமானத்தில் வெளியூர் கிளம்புகிறார். மதியம் சாப்பிட வரச் சொல்லி அக்கா கூப்பிட்டிருந்தாள்.

* * *

அக்கா பல் டாக்டர். வீட்டின் முன்னறைதான் கிளினிக். பின்பக்கமாக நுழைந்த சின்னவளை அவள் அடுப்பங்கரையிலேயே மடக்கிக்கொண்டாள்.

"ஏன்டி கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?"

"சரியா தூங்கலைக்கா."

"இந்த வீட்டுல மட்டும் யார் தூங்கறா?" அக்கா குரலைத் தாழ்த்தினாள். "இவர் ராத்திரி பூரா பல்லை நறநறன்னு கடிக்கறாருடி. நேத்து நாற்காலியில உட்கார வச்சு வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தேன். கடைவாய்ப் பல்லு மழுங்கிப் போச்சு. மனசுல ஏதோ பாரம் இருந்தாத்தான் இப்படித் தேயும். என்னன்னு கேட்டா, மாவு மூட்டை நனைஞ்சு போச்சுங்கறாரு. மாவு மூட்டை நனைஞ்சா ஒரு மனுஷன் பல்லைக் கடிப்பானா?"

அத்தானின் தொழில் அதுதான். கப்பலில் வந்த சரக்கு கெட்டுப்போனால் எவ்வளவு கெட்டது, யார் தப்பு என்று பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டாளர். மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு துறைமுகத்தில் இருப்பார்.

"வாங்க வாங்க, ஃபிரிட்ஜ் டாக்டரம்மா!" பெட்டியை மூடிவிட்டு அத்தான் வந்தார். அதே முகம். அதே தொளதொளச் சட்டை. "இந்த வீட்டுல ரெண்டு டாக்டர். எனக்கு ஒரு தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை."

சொல்லிவிட்டுச் சிரித்தார், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு.

பதிவில் கேட்ட அதே சிரிப்பு.

"எந்த ஊருக்கு அத்தான்?"

"தெற்குத் துறைமுகம். அதே மாவு மூட்டைதான். போய் முகர்ந்து பாத்துட்டு வரணும்."

"எப்ப திரும்பி வருவீங்க?"

"கப்பல்காரன் ஒத்துக்கிட்டா சீக்கிரம். சண்டை போட்டா ஒரு வாரம்."

மூவரும் உட்கார்ந்தார்கள். மீன் பரிமாறினாள் அக்கா. அத்தான் முள் எடுக்க ஆரம்பித்தார். எதிரில் இருந்த சின்னவள் தண்ணீர் ஊற்றும் சாக்கில் எழுந்தாள். அவர் தோளருகே குனிந்தாள். ஏதோ தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, அக்கரை மொழியில் சொன்னாள்.

"அசையாதீங்க. உங்க காலர் மேல குளவி உட்கார்ந்திருக்கு."

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். "என்னடி முணுமுணுக்கறே?"

அத்தான் அசையவில்லை. கை கழுத்துக்குப் போகவில்லை. இமைகூடத் துடிக்கவில்லை. முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அடுத்த முள்ளைத் தேடினார்.

"ஒண்ணுமில்லைக்கா. வேலை ஞாபகம். ஒரு மிக்ஸி புத்தகத்துல வர்ற வரி."

அப்பாடா! சின்னவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. தெரியாது. அவருக்குத் தெரியாது. தெரிந்த எந்த மனிதனும் குளவி என்று கேட்டுச் சும்மா இருக்க மாட்டான். அவள் வயிறாரச் சாப்பிட்டாள். இன்னொரு துண்டு மீன்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது அத்தான் பின்னாலேயே வந்தார்.

"ஆபீசுல ஏதாவது பிரச்சினையா சின்னவளே?"

"இல்லையே அத்தான்."

"அப்ப எதுக்கு இங்க நின்னு நேரத்தை வீணாக்கறே? போ. போய் உன் வேலையைப் பாரு."

சொல்லிவிட்டு அவள் தலையில் லேசாகத் தட்டினார். எப்போதும் செய்வதுதான்.

* * *

பஸ் இரண்டு நிறுத்தம் போவதற்குள் பாறாங்கல் திரும்ப ஏறி உட்கார்ந்துகொண்டது.

கேலி எங்கே போயிற்று?

அக்கரை மொழியில் ஒரு சொல் அவள் வாயில் வந்தால் போதும், 'ஆரம்பிச்சுட்டாய்யா முள்ளு மாட்டினவ' என்று பிடித்துக்கொள்கிற மனிதர். இன்று அவர் காதோரம் ஒரு முழு வாக்கியம் சொன்னாள். எதிரில் இருந்த அக்காவே திடுக்கிட்டாள். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. ஒன்றும் புரியாதவன் 'என்ன?' என்றாவது கேட்பான். புரிந்தவன்தானே, புரியாதது போல இருக்கப் பாடுபடுவான்?

அல்லது, பசியில் இருந்தாரோ? காதில் விழவில்லையோ?

"போய் உன் வேலையைப் பாரு." அது சாதாரணப் பேச்சா? இல்லை, தெரிந்து சொன்னதா? தெரிந்து சொன்னதென்றால், எந்த வேலையைச் சொன்னார்?

அத்தான் தப்பு செய்பவரா என்று யோசித்தாள். அப்பா போன பிறகு இவளுடைய படிப்புக்குக் கையெழுத்துப் போட்டவர் அவர். 'சாமான்' என்றால் என்ன? வரைபடமா, ஆளா, வெறும் மாவு மூட்டையா?  இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இறங்கி, திரும்ப நடந்து வந்தாள்.

கைபேசியை வாசல் அறைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். உள்ளே எதையும் கொண்டுபோகக் கூடாது. நேராகத் தலைவி அறைக்குப் போனாள்.

"மேடம், அந்தத் துறைமுகப் பேச்சு. எதிர்முனைக் குரல் எனக்குத் தெரிஞ்சவர் குரல் மாதிரி இருக்கு. எங்க குடும்பத்துல ஒருத்தர்."

முற்றுப்புள்ளி பேனாவை மூடினார்.

"அக்கா வீட்டுக்காரர்."

அது கேள்வியாகவே இல்லை.  "எப்படி மேடம்...?"

"உன்னை வேலைக்கு எடுக்கும்போது உன் குடும்பத்தையும் விசாரிச்சோம். உயிரோட இருக்கற ஆம்பளை அவர் ஒருத்தர்தான். எப்ப கேட்டே?"

"நேத்து."

"நேத்து கேட்டதை நேத்தே சொல்லணும்."

"ஆமா மேடம்."

"ஏன் சொல்லலை?"

"அவராத்தான் இருக்குமான்னு... எங்கக்கா மேடம். எங்கக்காவுக்கு ஒண்ணுமே தெரியாது."

முற்றுப்புள்ளி அவளையே பார்த்தார். கோபமா இரக்கமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "நம்ம வேலை கடலுக்கு அந்தப் பக்கத்தோட சரி. நம்ம ஜனங்க பேச்சு நம்ம காதுல விழுந்தா நாம தொடக்கூடாது. உள்நாட்டுப் பிரிவுகிட்ட கொடுத்துடணும். பிடிக்கறதும் விசாரிக்கறதும் அவங்க. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேடம். அவர் இன்னைக்குச் சாயங்காலம் விமானம் ஏறுறார்."

"எங்கே?"

"தெற்குத் துறைமுகம்னு சொன்னார்."

"டிக்கெட்டைப் பாத்தியா?"

இல்லை. பார்க்கவில்லை. காதை நம்பிப் பிழைப்பவள், கண்ணால் பார்க்க வேண்டியதைக் கோட்டை விட்டிருந்தாள்.

"இங்கேயே உட்காரு" என்று சொல்லிவிட்டு முற்றுப்புள்ளி மாடிக்குப் போனார்.

திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கணினியைத் தட்டினார். மறுபடி தட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்தப் பேச்சின் எண்ணைப் போட்டால், 'இந்த எண்ணில் எதுவும் இல்லை' என்று வந்தது.

"காலையில இருந்துச்சே மேடம்! நான் கேட்டுட்டு இருந்தேனே!"

"நானும்தான் பாத்தேன்."

"யார் எடுத்தாங்க?"

"மாடியில கேட்டேன். எந்தப் பேச்சுன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. உள்நாட்டுப் பிரிவுக்கு ஃபோன் போட்டேன். பேரைச் சொன்னதும் நன்றி சொன்னாங்க. அவங்க என்னைக்கும் நன்றி சொன்னதில்லை. இன்னைக்கு ரொம்ப மரியாதையா..."

வாக்கியம் அப்படியே நின்றுவிட்டது. அந்த அம்மாள் ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டதைச் சின்னவள் அன்றுதான் பார்த்தாள்.

"மேடம், அவர் அவங்க ஆளா? இல்லை, நம்ம மாடி ஆளா?"

"தெரியலைம்மா."

"யாருக்காவது தெரியுமா?"

"தெரியும்னுதான் நம்பிட்டு இருக்கேன்." முற்றுப்புள்ளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இனிமே நீ துறைமுகம் கேக்க வேண்டாம். மீன்பிடிப் பேச்சு நிறைய தேங்கிக் கிடக்கு. அதை எடுத்துக்கோ."

ஆக, மிச்சப் பொழுதெல்லாம் அக்கரை மீனவர் இருவர் கிழிந்த வலையைப் பற்றிச் சண்டை போட்டதைச் சின்னவள் கேட்டாள். நான்கு வரி எழுதினாள். அதில் மூன்றை அடித்தாள்.

* * *

வெளிச்சம் மங்கும் நேரத்தில் வாசல் காவலரிடமிருந்து உள்தொலைபேசி வந்தது.

"மேடம், உங்களைத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க. பல் டாக்டராம்."

இந்த வாசலுக்கு யாரையும் தேடி யாரும் வருவதில்லை. வரவும் முடியாது. வீட்டார் யாருக்கும் இந்தத் தெருவே தெரியாது. சின்னவள் வாசல் படிகளில் விழாமல் இறங்கியது அதிசயம்.

காவலர் கூண்டுக்கு வெளியே அக்கா நின்றிருந்தாள். வெள்ளைக் கோட்டோடு. ஒரு கையில் இன்னும் ரப்பர் உறை.

"ஃபிரிட்ஜ் புத்தகம் எழுதற இடத்துக்கு எதுக்குடி இவ்வளவு பெரிய கேட்?"

"அக்கா, நீ எப்படி இங்க...?"

"உனக்கு எத்தனை தடவை ஃபோன் பண்றது? எடுக்கவே மாட்டியா?" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "அவர் சொன்னாருடி. வண்டியை எடுத்துட்டுக் கிளம்பினவர், திரும்ப இறங்கி வந்து சொன்னார். 'விமானம் ஏறுறதுக்கு முன்னாடி ஃபோன் பண்றேன். பண்ணலைன்னா தபால் கிடங்குத் தெருவுல பேர் போடாத கட்டடத்துக்குப் போ. சின்னவ அங்கதான் இருப்பா.' இப்படிச் சொல்லிட்டுச் சிரிச்சார். விளையாடறார்னு நினைச்சேன்."

"ஃபோன் வந்துதா?"

"வரலையே! விமானம் போயே போச்சு. ஏர்போர்ட் கவுன்டர்ல என் பேஷன்ட் ஒருத்தி இருக்கா. கூப்பிட்டுக் கேட்டேன். தெற்குன்னு இல்லை, எந்தப் பக்கம் போற விமானத்துலயும் அவர் பேர்ல டிக்கெட் இல்லையாம். வண்டி நம்பரைச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவளே பதறிட்டா. அந்த நம்பரைத்தான் ஒலிபெருக்கியில கூப்பிட்டுட்டே இருக்காங்களாம். வாசலை மறிச்சுட்டு நிக்குதாம் வண்டி. எடுக்க ஆள் வரலையாம்."

அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இவர் யாருடி? இது என்ன இடம்? நீ யாரு?"

கூண்டுக்கு மேலே காமிரா. பக்கத்தில் காவலர். வாயைத் திறக்கக் கூடாத இடத்தில், வாயைத் திறக்கக் கூடாத விஷயம். இத்தனை வருஷமாக எத்தனை மிக்ஸி, எத்தனை ஃபிரிட்ஜ் சொல்லிச் சமாளித்திருக்கிறாள்! இப்போது ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"அக்கா, நான்தான் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

"அவர் குரலை நான் கேட்டேன். அவர்தான்னு சொல்லிட்டேன். மதியம் உங்க வீட்டுல சாப்பிட்டுட்டு வந்து சொன்னேன்."

அக்காவின் முகம் மாறியது. அறை விழும் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யார்கிட்ட சொன்னே?"

சுலபமான கேள்விதான். தலைவியிடம் சொன்னாள். தலைவி மாடியில் சொன்னார். அப்புறம் ஃபோனில் சொன்னார். அதற்கப்புறம் அந்தப் பெயர் யார் யார் வாயில் ஏறிப் போயிற்றோ.

"தெரியலைக்கா."

 அக்கா ரப்பர் உறையை விரல் விரலாக உருவிக் கோட்டுப் பையில் போட்டாள். காவலரின் பெஞ்சைத் தன் பக்கம் இழுத்து, அதில் உட்கார்ந்தாள்.

"யாருக்குத் தெரியுமோ அவங்க கீழே வரட்டும். அது வரைக்கும் நான் நகர மாட்டேன்."

"அம்மா, இங்கெல்லாம் உட்காரக் கூடாது" என்றார் காவலர்.

"தூக்கிட்டுப் போய்ப் போடுங்க, முடிஞ்சா."

காவலர் சின்னவளைப் பார்த்தார். சின்னவள் கேட்டைத் தாண்டி வெளியே வந்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. தள்ளியும் விடவில்லை.

தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்த நேரம். உள்ளேயிருந்து முற்றுப்புள்ளி வந்தார். கூட யாரும் இல்லை. கைப்பையைத் தோளில் மாட்டியிருந்தார். வீட்டுக்குக் கிளம்புகிறவர் போலத்தான் இருந்தார், ஆனால் நேராகப் பெஞ்சுக்கு எதிரில் வந்து நின்றார். சின்னவளைப் பார்க்கவே இல்லை.

"டாக்டர், உங்க வீட்டுக்காரர் கிளம்பும்போது என்ன சட்டை போட்டிருந்தார்?"

சின்னவளுக்குச் சட்டென்று விளங்கியது. பிடித்து வைத்திருப்பவர்கள் சட்டையை விசாரிக்க மாட்டார்கள். அப்படியானால் அத்தான் இவர்கள் கையிலும் இல்லை.

அக்காவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். எதிரில் நின்றவரை மேலும் கீழும் பார்த்தாள். வாய் திறந்த நோயாளியைப் பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தாள்.

"முதல்ல நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றாள். "அப்புறம் நான் ஒண்ணு சொல்றேன்."